கோட்டைமேட்டு வாசலும் செலின் டீச்சரும்

செலினின் தம்பி துறைமுகத்திலிருந்து கூப்பிட்டார். "அண்ணாச்சி, அக்கா காலைல போயிட்டாவ" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அது இன்னும் இறங்கவில்லை. அதோடுதான் இதை எழுதுகிறேன்.

கல்லூரியில் கட்டடக்கலைத் துறையில் எனக்கும் செலினுக்கும் அடுத்தடுத்த மேசை. தாமிரபரணி கடலில் சேருமிடத்துக்குச் சற்று மேற்கே, கோட்டைமேட்டில் பாண்டியர் காலத்துச் செங்கல் கோட்டை ஒன்று இருப்பது உங்களில் பலருக்கு அவர் சொல்லித்தான் தெரியும். எஞ்சியிருந்தது ஒரு வாசலும் அதன் இரு பக்கச் சுவர்களும். அந்த வாசல் நேராகப் போகாமல் உள்ளே ஒடிந்து திரும்பும். ஏன் என்று கேட்டேன்.

"யானை ஓடிவந்து கதவை முட்டக் கூடாதுல்லா. திரும்புற இடத்துல அதுக்கு வேகம் செத்துரும்" என்றவர், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே ஓடித் திரும்பிக் காட்டினார். அப்போது அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல்.

பிறகு கோட்டையைப் புதுப்பிக்கிறோம் என்று அரசுத் தரப்பிலிருந்து வந்தார்கள். ஒப்பந்ததாரர் சிமெண்டைக் குழைத்து வைத்திருந்தார். சிப்பி சுட்ட சுண்ணாம்பில் கட்டிய சுவர் இது, தரையிலிருந்து ஏறும் உப்பு ஈரத்தை வெளியே விட்டாக வேண்டும், சிமெண்ட் அதை அடைத்துவிட்டால் உள்ளே செங்கல் உப்பில் பொரிந்துவிடும் என்று செலின் பொறுமையாகத்தான் சொன்னார்.

"அழகாத்தான ஆக்குதோம் டீச்சர்."

"பொணத்துக்குத்தான் பவுடர் போடுவாவ. இது உயிரோட நிக்கி."

பார்வையிட வந்த அதிகாரி சிரித்தார். "செங்கல்தானம்மா" என்றார். பூசி முடித்தார்கள்.

இரண்டாவது மழைக்காலத்தில் வடக்குச் சுவர் விழுந்தது. நாங்கள் போனபோது சிமெண்ட் பலகை பலகையாகக் கிடந்தது. உள்ளே இருந்த செங்கல் மாவாகியிருந்தது. செலின் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பு" என்றார். உடையாத செங்கற்களைப் பொறுக்கி மாலை வரை அடுக்கிக்கொண்டிருந்தார். அப்போதே நோய் முற்றியிருந்தது. எங்களிடம் அதைச் சொல்லவில்லை.

இரங்கல் கூட்டத்துக்கு அதே ஒப்பந்ததாரர் ரோஜா மாலையோடு வந்தார். மைக்கைப் பிடித்து, ‘கோட்டையின் தாய்’ என்றார். நான் எழுந்தேன்.

"அந்தத் தாய் வேண்டாம்னு சொன்னதத்தான நீங்க பூசுனிய?"

அவர் மாலையைப் படத்துக்குப் போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

தெற்குச் சுவர் இன்னும் சிமெண்டோடு நிற்கிறது. அதை உரித்தெடுக்க அனுமதி கேட்டுச் செலின் ஏறி இறங்கிய அலுவலகத்துக்கு இப்போது நான் போகிறேன். "கோவப்பட்டா மட்டும் போதாது, வேலை முடியுற வரைக்கும் அதை ஆறவிடக் கூடாது" என்பார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கோபம்தான். அடுத்த மழைக்குள் அந்தச் சுவர் மூச்சு விட வேண்டும்.