'வச்சுக்கலாம்' என்றால் ஆகாது

பேருந்துப் பணிமனையின் வாசல் மேசையில் உட்கார்ந்து ஓட்டுநர்களுக்கு வண்டி ஒதுக்குகிறவளுக்குக் கறார் அக்கா என்று பெயர் வைத்தது யாரோ, அவன் வாயில் சர்க்கரையைத்தான் போடவேண்டும். பிந்தி வருகிறவன் தலையைச் சொறிந்துகொண்டு, "ஆறு மணின்னு வச்சுக்கலாமேக்கா" என்பான்.

"வச்சுக்க இதென்ன உன் வீட்டு அலமாரியா? போய் அடுத்த வண்டிக்கு நில்லு" என்பாள். அதற்குமேல் அழுதாலும் நடக்காது, சிரித்தாலும் நடக்காது.

அவள் மேசைக்குப் பின்னால் கண்ணாடி அறை. அதற்குள் மேலாளர் நாற்காலி. மேலாளர் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். அந்த நாற்காலிக்கு எம்.பி.ஏ. வேண்டும்; படிப்பும் இரண்டு வருடம். விடுவாளா? வார இறுதி வகுப்புக்கு விண்ணப்பித்தாள். நுழைவுத் தேர்வை ஊதித் தள்ளினாள். இடித்தது பழைய பட்டப் படிப்புதான். குறைந்தது ஐம்பது சதவீதம் வேண்டும் என்கிறது விதி. இவளிடம் இருப்பது நாற்பத்தொன்பதரை. நிறைமாத வயிற்றோடு எழுதிய ஒரு தாள் அன்றே காலை வாரிவிட்டிருந்தது.

கல்லூரி நேர்காணலில் துறைத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். நல்ல மனிதர்தான்.

"பரவால்லம்மா. இந்த வயசுல, குடும்பத்தையும் பாத்துக்கிட்டு வந்திருக்கீங்க, பாவம். ஐம்பதுன்னு வச்சுக்கலாம்."

பாவமாம்! அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தலையாட்டினால் சீட்டு, பின்னாலேயே நாற்காலி. 'சரி' நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. ஆனால் அந்தப் பாழாய்ப்போன 'வச்சுக்கலாம்' அல்லவா குறுக்கே நிற்கிறது!

"வேணாம் சார். இன்னைக்கு வச்சுக்கலாம்பீங்க. நாளைக்கு வகுப்புல எதிர்க்கேள்வி கேட்டா, பாவம்னுதானே சேத்துக்கிட்டோம்பீங்க. அந்தத் தாளை மறுபடி எழுதிட்டு வரேன்."

"ஒரு வருஷம் போயிடுமே?"

"போகட்டும்."

வீட்டில் பூகம்பம். தையற்காரக் கணவன் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினான்.

"கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலன்னா விதின்னு சொல்லலாம். நீயே தட்டி விட்டுட்டு வந்திருக்கியே! கிறுக்கா உனக்கு?"

"நீ ஒரு இஞ்ச் குட்டையாத் தச்சுட்டு, சரியா இருக்குன்னு வச்சுக்கலாம்னு சொல்லேன், பாப்போம். சட்டைய உன் மூஞ்சிலயே எறிவாங்க."

அவன் குனிந்து கத்தரிக்கோலை எடுத்துத் துணியை வெட்ட ஆரம்பித்தான். அடுத்த வாரத்திலிருந்து சமையலைக்கூட அவனே எடுத்துக்கொண்டான். ருசியைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

பணிமனையில் ஓட்டுநர்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

"யக்கா, உனக்கே லேட்டாமே!"

"ஆமாடா. அதான் அடுத்த வண்டிக்கு நிக்கிறேன்."

மகள் வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் தாளை எழுதினாள். மொத்தச் சதவீதம் ஐம்பதைத் தாண்டியது. மறுவருடம் யார் தயவும் இல்லாமல் வகுப்புக்குள் போனாள். மேலாளர் ஓய்வு பெற்றபோது அவளுக்குப் படிப்பு பாதிதான் முடிந்திருந்தது. வெளியிலிருந்து ஒருவன் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு மட்டும் அவள் சோறு இறங்காமல் எழுந்துபோனாள்.

கேள்விப்பட்ட துறைத் தலைவர் வகுப்பு முடிந்ததும் வாசலில் அவளை நிறுத்தினார்.

"அன்னைக்கே தலையாட்டியிருந்தா அந்த நாற்காலி உங்களுதும்மா."

"இப்பவும் என்னுதுதான் சார்" என்றாள் கறார் அக்கா. "நான் வர்ற வரைக்கும் அந்தாளு அதுல உக்காந்து சூடு ஆறாம பாத்துக்கட்டும்."