சாம்பல் மெஷினில் ஒரு குமிழ்

போன வாரம் அடித்த மழையில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி வாசலில் நின்ற குல்மொஹர் சாய்ந்துவிட்டது. யார் மேலும் விழவில்லை. ஜனம் நெரியும் விஷ்ராந்த்வாடியில் காலை ஏழு மணிக்கு ஒரு மரம் யார் மேலும் விழாமல் சாய்ந்தால் அது மரத்தின் பெருந்தன்மை என்றுதான் சொல்ல வேண்டும். மாநகராட்சியிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் கையில் மெஷின் ரம்பம். பொத்தானை அழுத்தினார். மிக்சியில் சட்னி அரைக்கிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். பாட்டரியில் ஓடுவது. கிளைகள் சாந்தமாக விழுந்தன. அறுபட்ட பச்சை மரத்தின் ஈர வாசம் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தது. அதில் எனக்குப் பாதி குறைந்தது. புகை இல்லை. பெட்ரோலில் ஆயில் கலந்து எரிகிற அந்தக் கசப்பு இல்லை. தெரிந்தவர் ஒருவர் பாதி முகத்தோடு வந்து நின்றதுபோல் இருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். "மரம் கட் பண்றதைப் போய் என்னம்மா பாக்கற?" என்றாள் மகள், லேப்டாப்பிலிருந்து தலை தூக்காமல். பதில் நீளமானது. அவளுடைய தமிழ் அவ்வளவு நீளம் தாங்காது. உங்களிடம் சொல்கிறேன்.

இருபத்துநாலு வயதில் நான் இதே ஊரின் இன்னொரு கோடியில், ஹடப்சரில், ஒரு தகரக் கொட்டகையில் ஸ்டோர் கிளார்க். பேங்க் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றவள். பாதுகாப்புத் துறை ஆபீசில் இருந்த அப்பா, மகள் 'ஒரு இன்ஜினியரிங் கம்பெனி'யில் இருப்பதாகச் சொல்லிக்கொள்வார். கம்பெனியில் மொத்தம் ஆறு பேர். முதலாளியை எல்லோரும் காகா என்போம், மராத்தியில் சித்தப்பா. விழுந்த மரங்களை அகற்றுகிற காண்ட்ராக்ட் அவருடையது. புது மெஷின் ரம்பம் வாங்குவது அவருக்குப் பாவம் மாதிரி. மலைத் தோட்டங்களில் கழித்துப்போட்டவை, ஏலத்தில் விட்டவை, வெளிநாட்டில் செய்து முப்பது வருஷம் உழைத்து ஓய்ந்தவை எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வாங்கி வருவார். செத்தது மூன்று சேர்ந்தால் ஒன்று எழுந்து ஓடும் என்பார். பெரும்பாலும் ஓடின.

மாலையில் பஸ் மாறி மாறி வீடு திரும்பினால் அம்மா வாசலிலேயே மூக்கைப் பொத்துவாள். "ஏட்டி, தலையெல்லாம் என்ன வாடை இது? பொண்ணு பாக்க வாரவுக மெக்கானிக் ஷெட்டுன்னுல்லா நெனைப்பாவ?" சீயக்காய்க்கு அடங்காத வாடை அது. எனக்குப் பிடித்திருந்தது என்பதை அம்மாவிடம் சொன்னதில்லை.

கொட்டகையில் தமிழ் பேச இன்னொருவர் இருந்தார். முருகேசன். வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் நிழல் மரம் கவாத்து செய்து வளர்ந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பழைய மெஷின்களைப் பிரித்துக் கோப்பதும் அவர்தான், அவற்றைத் தூக்கிக்கொண்டு போய் மரம் அறுப்பதும் அவர்தான். தான் அறுக்கப்போகும் மெஷினைத் தானே கோக்க வேண்டும் என்பதில் பிடிவாதம். ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்டின் விசிட்டிங் கார்டைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். காந்தச் சக்கரத்துக்கும் தீப்பொறி தருகிற காயிலுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி வேண்டுமோ அவ்வளவு தடிமன் அந்த அட்டை. அதை நடுவில் செருகி, திருகை முறுக்கி, அட்டையை உருவுவார். "இந்த ஏஜெண்டு வந்து வருஷம் ரெண்டாச்சுங்க டீச்சர். பாலிசி போடலீங்க. கார்டு மட்டும் தெனமும் வேலை செய்யுது."

டீச்சர் என்று என்னைக் கூப்பிடக் காரணம் ஒரு நோட்டு.

மெஷின்களின் உடம்பில் எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருக்கும். எது எந்த மாடல் என்று தெரியாது. நாங்கள் நிறத்தால் பெயர் வைத்தோம். பெரிய சிவப்பு, சின்னச் சிவப்பு, மஞ்சள், சாம்பல். சின்னச் சிவப்பின் கார்புரேட்டர் மஞ்சளில் உட்காரும். பெரிய சிவப்பின் பிஸ்டன் வேறு எதிலும் நுழையாது, அவ்வளவு திமிர். மஞ்சளின் ஆயில் பம்ப்பை சாம்பலில் போடலாம், ஒரு ஓரம் அரம் போட வேண்டும். இதையெல்லாம் முருகேசன் தலைக்குள் வைத்திருந்தார். நான் நானூறு பக்க நோட்டில் ஏற்றினேன். சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவி, வெர்னியர் வைத்து அளந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. காகா எதைப் பார்த்தாலும் "சலேகா" என்பார். ஓடும், பரவாயில்லை என்று பொருள். அந்த வார்த்தையை ஒழிப்பதே என் லட்சியமாக இருந்தது. 'பொருந்தும்', 'அரம் போட்டால் பொருந்தும்', 'பொருந்தாது', 'வேண்டாம்' என்று நான்கே தீர்ப்புகள், சிவப்பு மையில். ரகசியமாகக் கவிதை எழுதிக்கொண்டிருந்த காலம். அதைவிட இந்த நோட்டில்தான் என் எழுத்துக்கு மரியாதை கிடைத்தது. ஒரு மனிதர் மெஷின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நான் எழுதிய வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படிப்பார். பிறகு அதன்படி செய்வார். அதற்கப்புறம் எழுதிய எதற்கும் அப்படி ஒரு வாசகர் எனக்கு வாய்க்கவில்லை.

இப்போது குமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெஷினின் வயிற்றுப் பக்கம், சங்கிலி சுற்றுகிற பல்சக்கரத்துக்குக் கீழே, சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு அலுமினியக் குமிழ் இருக்கும். ஒரே ஒரு திருகில் நிற்கும். மெஷின் ஓடும்போது அதற்கு ஒரு வேலையும் கிடையாது. என்றாவது சங்கிலி அறுந்தோ கழன்றோ பின்னால் வீசினால், பிடித்திருப்பவரின் வலது கைக்குப் போகும் முன் அதைத் தடுக்கும். அதற்கு மட்டும்தான் அது.

சாம்பல் மெஷின்கள் எங்களிடம் இரண்டுதான் இருந்தன. இருந்ததிலேயே பழையவை. குமிழ் வைக்கும் வழக்கம் வருவதற்கு முன்னால் செய்தவை. உடம்பில் அதற்கு ஓட்டையே இல்லை. நான் எழுதினேன்: 'குமிழ் — சாம்பல் — வேண்டாம்.'

ஒரு வருஷம் கழித்து மூன்றாவதாக ஒரு சாம்பல் வந்தது. அதே நிறம், அதே உருவம். நான் அதை அளக்கவில்லை. சாம்பல்தான் ஏற்கெனவே எழுதியாகிவிட்டதே என்று நோட்டைப் புரட்டக்கூட இல்லை. அது சில வருஷம் பின்னால் செய்தது. அதன் உடம்பில் புரி போட்ட ஒரு ஓட்டை இருந்தது. சின்னச் சிவப்பின் குமிழ் ஒரு வாஷரோடு அதில் அழகாக உட்கார்ந்திருக்கும். அந்தக் குமிழ்கள் என் மேஜையில் ஒரு பிஸ்கெட் டின் நிறைய இருந்தன.

அந்த ஆடி மழையில் கடக்வாஸ்லா ரோட்டில் ஒரு ஆலமரம் விழுந்தது. முருகேசன் மூன்றாவது சாம்பலைக் கொண்டு போனார். சங்கிலி கழன்றது. மோதிர விரலும் சுண்டு விரலும் போய்விட்டன.

செயினை டைட் பார்க்காமல் ஓட்டியிருக்கிறான் என்றார் காகா. கொட்டகையில் எல்லோரும் அதையே சொன்னார்கள். அப்படிச் சொல்லிக்கொள்வது சுலபம். நான் மெஷினைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். மரத்தூளும் ஆயிலும் அப்பியிருந்தன. துடைத்தேன். ஓட்டை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.

ஆஸ்பத்திரிக்கு முதல் நாள் போனபோது நோட்டு பையில் இருந்தது. எடுக்கவில்லை. "நாந்தானுங்க செயின சரியாப் பாக்கல போல" என்று அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஆரஞ்சுப் பழங்களை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் ஸ்வார்கேட் வரை நின்றுகொண்டே வந்தேன், இடம் இருந்தும். என்ன தண்டனை பாருங்கள், இருக்கையில் உட்காராமல் வருவது.

மறுநாள் நோட்டை விரித்து அவர் மடியில் வைத்தேன். சிவப்பு மை வரியைக் காட்டினேன். "நான் அந்த மெஷினை அளக்கவே இல்லை" என்றேன். கட்டுப்போட்ட கையைத் தூக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு, இடது கை விரலால் அந்த வரியைத் தொட்டுப் படித்தார். எப்போதும்போல.

"ஓட்டைய நானும் பாத்தனுங்க" என்றார். "இதென்னடா இங்க ஒரு ஓட்டைன்னு தோணுச்சு. நோட்டுல பாத்தேன். வேண்டாம்னு இருந்துச்சு. மூடியப் போட்டு மூடிட்டனுங்க."

அதில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம். முப்பது மெஷின்களைக் கையால் அறிந்தவர், தன் கண்ணால் பார்த்ததை விட்டு என் எழுத்தை நம்பியிருக்கிறார். பக்கத்துக் கட்டிலில் யாரோ டிரான்சிஸ்டரைத் திருகிக்கொண்டிருந்தார்கள்.

"பேனா இருக்குதுங்களா டீச்சர்?" என்றார். "அதைய அடிச்சுட்டு வேணும்னு எழுதுங்க. இன்னொருத்தன் பாப்பான்."

அவர் மடியில் வைத்தே எழுதினேன். மடியின் மேடுபள்ளத்தில் 'வேண்டும்' பள்ளிப் பிள்ளை எழுதியதுபோல் விழுந்தது. டீச்சர் எழுத்து. சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. மை காய்ந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துவிட்டு நோட்டை மூடிக் கொடுத்தார்.

காகாவிடமும் போய் இந்தியில் சொன்னேன். டீ டம்ளரைக் கீழே வைத்தார். "சோட்" என்றார், விடு என்று. ஆனால் அதற்குப் பிறகு செயின் தளர்ந்திருந்தது என்று அந்தக் கொட்டகையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. முருகேசன் கட்டுப் பிரித்ததும் ஊருக்குப் போனார். சட்டைப்பையில் அந்த விசிட்டிங் கார்டு இருந்தது. திரும்ப வரவில்லை. நான் மிச்ச மெஷின்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு மறுபடி அளந்தேன். நான்கு மாதம் ஆனது. நிறத்தை நம்பியிருந்த இடங்கள் இன்னும் ஒன்பது கிடைத்தன. பிறகு கல்யாணமாகிச் சென்னைக்குப் போய்விட்டேன். ஐந்து வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது கொட்டகை இருந்த இடத்தில் கண்ணாடி ஆபீஸ் எழும்பிக்கொண்டிருந்தது. மெஷின்கள் பழைய இரும்புக்குப் போயிருந்தன. நோட்டு பழைய பேப்பர் வாங்குகிற ரத்திக்காரரிடம் போயிருக்கும். நானூறு பக்கம், நல்ல தாள். வடாபாவ் மடிக்க ஆகியிருக்கும்.

போன வாரம் மாநகராட்சிக்காரர் டீ குடிக்க மெஷினைக் கீழே வைத்தார். பார்க்கலாமா என்று மராத்தியில் கேட்டேன். பாருங்க மாவ்ஷி என்றார், சித்தி என்கிற மாதிரி. எதற்கு என்று கேட்கவில்லை. நடுத்தர வயதுப் பெண்கள் எதையாவது பார்க்கத்தான் செய்வார்கள் என்று விட்டுவிட்டார். தரையில் குந்தி, மெஷினைச் சாய்த்து, வயிற்றுப் பக்கம் விரலால் தடவினேன். குமிழ் இருந்தது. திருகு இல்லை. வாஷர் இல்லை. உடம்போடு ஒன்றாக வார்த்திருந்தார்கள். கழற்ற முடியாது. ஆகவே போட மறக்கவும் முடியாது. எந்த நோட்டும் அதற்கு வேண்டாம்.

விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அவர் டீயை முடித்துவிட்டு, மாவ்ஷி, கொஞ்சம் தள்ளுங்க என்றார்.