மச்சானைத் திட்டிய பாட்டு

லிப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கியதும், ஸ்பானரை எடுப்பதற்கு முன் ஒரு தடவை கையைத் தட்டிப் பார்க்கிறார். எதிரொலி பிடித்துவிட்டால் போதும், நாலு வரி பாடாமல் மேலே வரமாட்டார். மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பெண்மணி, "ஏங்க, லிப்ட் ரிப்பேரா, கச்சேரியா?" என்று குரல் கொடுக்கிறார். "ரெண்டும்தான் மேடம், இதோ ஆச்சு!"

பிழைப்புக்கு லிப்ட் மெக்கானிக். ராப் கேட்கிறவர்களுக்கு 'துரு'. ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். "தேய்ச்சாலும் போகாதுல்ல சார்" என்றார். இருபது வருஷமாகப் பாடுகிறார். ரேடியோவோ டிவியோ இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. "அண்டர்கிரவுண்ட் ராப்பர்னா பின்ன என்ன? வேலையும் குழிக்குள்ள, பாட்டும் குழிக்குள்ள" என்று சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

ரெக்கார்டிங் துணி அலமாரியில். போர்வைகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு பாடினால் குரல் சுத்தமாக விழுமாம். "இஸ்திரி போட்டு வச்ச துணி பூரா இவர் எச்சில்" என்கிறார் மனைவி.

இப்போது இத்தனை வருஷப் பாட்டுகளிலிருந்தும் பொறுக்கி, 'இதுவரைக்கும்' என்று ஒரே ஆல்பமாகப் போடப்போகிறார். இதில் என்ன கூத்து என்றால், மனிதரிடம் தன் பழைய பாட்டு ஒன்றுகூட இல்லை! சிடியில் தானே பதிந்து, பஸ் ஸ்டாண்டில் நின்று விற்றிருக்கிறார். தீர்ந்த பிறகு யாராவது கேட்டால் தனக்கென்று வைத்திருந்ததையும் தூக்கிக் கொடுத்துவிடுவார். சரி, கம்ப்யூட்டரில்? "பழசை அழிச்சாத்தானே சார் புதுசுக்கு இடம்?" எனக்குக் கோபமே வந்துவிட்டது. சொந்தக் குரலை இப்படியா ஒருவன் தாரை வார்ப்பான்! அன்று வாங்கியவர்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

எல்லாம் கிடைத்தது, ஒன்றைத் தவிர. அவர் பேரைச் சொன்னாலே ரசிகர்கள் கேட்கும் பாட்டு அதுதான். கூடப் பாடிய கூட்டாளி, ஆபீஸ் வேலை கிடைத்ததும் கழன்றுகொண்டான் என்ற ஆத்திரத்தில் அவனைக் கிழித்துத் தொங்கவிட்ட பாட்டு. 'மைக்கைப் பார்த்தா கை நடுங்கும், மாசச் சம்பளம்னா வாய் பிளக்கும்' என்பது அதிலேயே சாதுவான வரி. அந்தக் கூட்டாளிதான் அடுத்த வருஷம் துருவின் தங்கையைக் கட்டிக்கொண்டார். சும்மா பேச்சுக்கு மச்சான் என்று கூப்பிட்டவர் நிஜமாகவே மச்சானாகிவிட்டார்! அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்வது வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும்தான்.

போன வாரம் தங்கை போன் செய்தார். "ஏண்ணா ஊரெல்லாம் தேடற? அது எங்க வீட்டு பீரோலதான் இருக்கு. அவர்தான் பத்திரமா வச்சிருக்கார். வேணும்னா நீயே வந்து கேளு."

துருவுக்கு முகம் செத்துவிட்டது. "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சார் கேக்கறது?" அந்தப் பாட்டை விட்டுவிடுங்களேன் என்றேன். "விட்டா ஆல்பமே பொய். போட்டா அவனை மறுபடியும் ஊருக்கு முன்னாடி அறையற மாதிரி. நான் என்னதான் சார் பண்றது?" பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பிவிட்டார். என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று நானும் ஒட்டிக்கொண்டேன். மச்சான் கதவைத் திறந்து, "வாங்க" என்றார். துரு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பீரோவிலிருந்து சிடி வந்துவிட்டது. கீறல் ஒன்றுகூட இல்லை. மச்சானே அதைச் சட்டை நுனியால் துடைத்து பிளேயரில் போட்டார்.

பாட்டு ஓடியது. மச்சானின் உதடுகள் வரிக்கு வரி கூடவே அசைந்தன, எங்கேயும் தடுமாறவில்லை. துரு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இங்கே அச்சில் போட முடியாத அந்த ஒரு வரி நெருங்கியதும் பதறி எழுந்து, சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டினார்.

மச்சான் அந்தக் கையைத் தட்டிவிட்டார். "உக்காருடா" என்று சொல்லி, சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்தார்.