பொங்கலுக்கு எடுத்த டிக்கெட்

கமலா அக்கா வீட்டில் துணி துவைக்கும் மெஷினிலிருந்து வரும் கடைசித் தண்ணீர் வீணாகப் போகாது. குழாயைத் திருப்பி வாளியில் பிடித்து வைத்துவிடுவார். அன்று முழுக்கக் கழிப்பறைக்கு அந்தத் தண்ணீர்தான். சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் அவர்கள் வீட்டுச் சின்ன அறைக்கு நான் வாடகைக்கு வந்த அன்றே, "தம்பி, ஃபேன் ஓடலாம், லைட் எரியலாம். ஆள் இல்லாம ரெண்டும் இருக்கக் கூடாது. மத்தபடி இது உங்க வீடு மாதிரி" என்றார்.

சிக்கனம் பிடிப்பவர்களைக் கஞ்சம் என்று சிரிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் எஞ்சினியரிங் பட்டத்தைச் சட்டம் போட்டு ஊரில் மாட்டியிருக்கிறார்கள். அந்தச் சட்டத்துக்குள் இருப்பது காகிதம் இல்லை. என் அம்மா வாங்காமல் விட்ட சேலைகள். அதனால் கமலா அக்காவைப் பார்த்து நான் ஒருநாளும் சிரித்ததில்லை.

அக்கா ஒரத்தநாட்டுப் பக்கம் பிறந்தவர். கல்யாணம் ஆகி இங்கே வந்தார். கணவர் ரத்னவேல் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்; பஸ் டிப்போவில் மெக்கானிக். மகள் அனுப்ரியா பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். அக்காவுக்கு லிட்டில் இந்தியாவில் ஒரு கேட்டரிங் சமையலறையில் காய் நறுக்கும் வேலை. வேலை முடிந்ததும் தேக்கா சந்தைக்குப் போவார். அதுவும் கடை கட்டும் நேரம் பார்த்து. காய்கறிக்கடை உமைர் அவரைத் தூரத்தில் பார்த்ததுமே ஆரம்பித்துவிடுவார்.

"வாங்கக்கா. இந்தக் கத்திரிக்காய் காலையிலேருந்து உங்களைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கு."

"கேக்கும் லா. வயசானதுக்குப் பேச்சுத் துணை வேணும்ல? பாதி விலை போடு."

"பாதியா? அப்போ நான் உங்க வீட்லயே வந்து சாப்பிட்டுக்குறேன்."

"வா. பாத்திரம் கழுவணும்."

இப்படி வருஷம் முழுக்க மிச்சம் பிடிப்பதில் ஒரே ஒரு செலவுதான் அக்காவுக்கென்று உண்டு. பொங்கலுக்கு ஊருக்குப் போய் அம்மாவைப் பார்ப்பது. அதற்கும் வழி வைத்திருந்தார். மலிவு விமானக் கம்பெனி ப்ரோமோ போடும் நாளில் அனுப்ரியா கைப்பேசியோடு உட்கார்ந்து, பல மாதங்களுக்கு முன்பே திருச்சிக்கு டிக்கெட் எடுத்துவிடுவாள். அந்த டிக்கெட்டில் தேதி மாற்ற முடியாது. போகவில்லை என்றால் காசு போனது போனதுதான். பெட்டி கிடையாது, கையில் ஏழு கிலோ. எடை கூடினால் அக்கா இரண்டு சேலையை உடம்பிலேயே சுற்றிக்கொண்டு விமானம் ஏறுவார். "குளிராது லா தம்பி, ஏசிக்கு நல்லதுதான்" என்பார்.

போன வருஷம் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் ஊரிலிருந்து அண்ணன் சுந்தரம் கூப்பிட்டார். "அம்மாவுக்கு ரொம்ப முடியலை தாயி. உடனே கிளம்பி வா."

அக்கா பதறவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. இதே சுந்தரம் இதற்கு முன் இரண்டு தடவை இப்படிக் கூப்பிட்டிருக்கிறார். முதல் தடவை முழு விலை கொடுத்து டிக்கெட் எடுத்து அக்கா அழுதுகொண்டே போய் இறங்கினால், அம்மா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். "ஏண்டி வந்தே? யார் சொன்னா எனக்கு முடியலைன்னு?" விஷயம் வேறு. மாடி போட அண்ணனுக்குப் பணம் தேவைப்பட்டிருக்கிறது. அடுத்த தடவை மகனுக்குக் காலேஜ் சீட்டு. சிங்கப்பூரில் இருப்பவளை நேரில் வரவழைத்து, நாலு பேர் முன்னால் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டாள் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு இரண்டு தடவையும் தப்பவில்லை.

"இந்தத் தடவை என்ன வேணுமாம்?" என்று அக்கா கேட்டார்.

"ஒண்ணும் வேணாம். வந்து பாத்துட்டுப் போ."

"அம்மாகிட்ட குடு."

வீடியோவில் அம்மா வந்தார். நானும் ஹாலில்தான் இருந்தேன். அனுப்ரியா கைப்பேசியைப் பிடித்திருந்தாள். அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலை வாரி, விபூதி இட்டு, முகத்தில் பவுடர்கூட இருந்தது. அவருக்குப் பின்னால் கொடியில் ஒரு பூப்போட்ட சேலை தொங்கியது.

"என்னடி, வரப் போறியாமே?"

"உனக்கு முடியலையாமே?"

"உங்கண்ணனுக்கு வேற வேலை என்ன? நான் கல்லாட்டம் உக்காந்திருக்கேன், பாக்குறேல்ல? பொங்கலுக்கு எடுத்த டிக்கெட்டை என்ன பண்ணுவே, கடல்ல போடுவியா? காசைக் கரியாக்காத. வரும்போது கோடாலித் தைலம் ரெண்டு வாங்கிட்டு வா. இருந்ததை உங்கண்ணி தேய்ச்சே தீத்துட்டா."

"சரிம்மா. சாப்பிட்டியா?"

"ஆச்சு, ஆச்சு. வை, காசு ஏறும்."

"இதுக்குக் காசு இல்லைம்மா."

"இருந்தாலும் வை."

அக்கா சிரித்தார். "பாத்தீங்களா தம்பி? கல்லாட்டமாம். எங்கண்ணன் கிணத்தடியில போர் போடப் போறாரா இருக்கும்."

ரத்னவேல் அண்ணன் சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "கமலா, எதுக்கும் போயிட்டு வந்துடு லா. டிக்கெட் ஆயிரம் வெள்ளிதானே."

"தானேவா? அந்தத் தானேயைச் சம்பாதிக்க நான் எத்தனை மூட்டை வெங்காயம் உரிக்கணும்னு தெரியுமா? தீபாவளி நேரம், யானை விலை சொல்றான். அம்மாவே வேணாங்குது. ஜனவரிக்கு டிக்கெட் இருக்குலா."

"அம்மா வேணாம்னுதான் சொல்லும்."

"உங்கம்மா அப்படி. எங்கம்மா பொய் சொல்லாது."

சுந்தரம் மறுபடியும் கூப்பிட்டார். "நான் காசு கேக்கலை தாயி" என்றார். "அப்போ எங்கம்மா பொய் சொல்லுதா?" என்று அக்கா கேட்டார். அவர் போனை வைத்துவிட்டார். அதுவே அவர் மாட்டிக்கொண்டதற்குச் சாட்சி என்று அக்கா எடுத்துக்கொண்டார்.

தீபாவளி போன மறுவாரம் செய்தி வந்தது. அக்கா கேட்டரிங் சமையலறையில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாராம். கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்திருக்கிறார், கேட்டிருக்கிறார், பாக்கி இருந்த முட்டைக்கோஸையும் நறுக்கி முடித்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். பாதியில் வந்தால் அரை நாள் சம்பளம் போகும் என்பதற்காகவா, கை தானாக ஓடியதா என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் ரத்னவேல் அண்ணன் அடுத்த விமானத்துக்கு டிக்கெட் பார்த்தார். அக்கா அவர் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். "சாயங்காலமே எடுத்துடுவாங்களாம். யாரைப் பாக்கப் போறது?" என்றார். பிறகு, யாரையும் பார்க்காமல், "ஜனவரிக்கு டிக்கெட் இருக்கே" என்றார்.

அம்மாவைத் தூக்கிக்கொண்டு போவதை அதே கைப்பேசியில், அதே சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். படம் நின்று நின்று வந்தது. அதற்கும் காசு இல்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? டிக்கெட் காசு பார்த்துத் தாய் முகம் பார்க்காத மகள் என்றார்கள். அக்கா அனுப்பிய காசில் போட்ட மாடியில், அக்கா வாங்கிக் கொடுத்த ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சொன்னார்கள்.

ஜனவரியில் அக்கா போனார். துக்க வீட்டில் பொங்கல் கிடையாது. தெரு முழுக்கக் கரும்பும் கோலமுமாக இருக்க, பொங்கலுக்கென்று எடுத்த டிக்கெட்டில், பொங்கல் இல்லாத வீட்டுக்குப் போய் இறங்கினார். ஏழு கிலோவில் கோடாலித் தைலமும் இருந்தது.

திரும்பி வந்த வாரத்தில், தேக்காவிலிருந்து வந்த அவரைக்காயை நார் உரித்தபடியே என்னிடம் சொன்னார்.

"தைலத்தை அண்ணிகிட்ட குடுத்தேன் தம்பி. வாங்க மாட்டேன்னு அழுவுறாங்க. அப்புறம்தான் சொன்னாங்க. அன்னிக்கு வீடியோவில பாத்தோம்ல, பின்னால ஒரு சேலை தொங்குச்சே? அதுக்குப் பின்னால அண்ணிதான் நின்னாங்களாம். சேலையோட சேத்து ரெண்டு கையாலயும் அம்மா முதுகைத் தாங்கிக்கிட்டு. அம்மாவால தானா உக்கார முடியலையாம். பவுடர் போடச் சொன்னதும் அம்மாதானாம்."

அக்கா அடுத்த காயை எடுத்தார்.

"அம்மா அண்ணன்கிட்ட சத்தியம் வாங்கிடுச்சாம். 'அவ வெங்காயம் உரிச்ச காசுடா, ஏரோப்ளேன்காரனுக்குப் போடாதே, பொங்கல் வரைக்கும் நான் தாக்குப்பிடிச்சிடுவேன்'னு." அக்கா ஒரு சொத்தைக் காயைத் திருப்பிப் பார்த்தார். சொத்தையை மட்டும் கிள்ளிவிட்டு மீதியைப் பாத்திரத்தில் போட்டார். "வை வைன்னு அவசரப்பட்டுச்சே, ஞாபகம் இருக்கா? காசுக்காக இல்லை. அதுக்கு மேல உக்கார முடியலை."

"அக்கா, உங்க மேல தப்பு இல்லை."

"எங்கிட்ட இந்தப் புத்தி எங்கேருந்து வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? அம்மாகிட்டேருந்துதான். ஒரே கைப்பழக்கம். அது மிச்சம் பிடிச்சுச்சு, நானும் மிச்சம் பிடிச்சேன். ரெண்டு பேருக்கும் நடுவில ஆயிரம் வெள்ளி மிச்சம்."

அந்த ஆயிரம் வெள்ளி என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். அனுப்ரியாவின் கட்டணத்தில் போய்ச் சேர்ந்தது. அவள் நன்றாகப் படிக்கிறாள். யாரும் அதை வீண் என்று சொல்ல முடியாது.

என் அம்மாவும் ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார். இப்போதெல்லாம் நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. பின்னால் என்ன தொங்குகிறது என்று பார்க்கிறேன்.

மார்ச் மாதம் விமானக் கம்பெனியின் ப்ரோமோ மறுபடி வந்தது. அனுப்ரியா கைப்பேசியை எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கித்தான் வந்தாள்.

"அம்மா, ப்ரோமோ ஓப்பன் ஆயிடுச்சு. பொங்கலுக்குப் பாக்கவா... வேணாமா?"

"பொங்கலுக்கு அங்க எனக்கு என்ன இருக்கு?" அக்கா மெஷின் தண்ணீர் நிறைந்த வாளியைக் கழிப்பறைப் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார். "ஆயாவுக்குத் தலைத்திவசம் வருதுல்ல, அதுக்குப் போடு. பஞ்சாங்கம் பாத்து உங்க மாமா தேதி அனுப்பிட்டாரு."

"அது நவம்பர்லா. இப்பவே போட்டுட்டா அப்புறம் மாத்த முடியாதும்மா."

அக்கா வாளியைக் கீழே வைத்தார்.

"இனிமே எதுக்கு மாத்தணும்?" என்றார். "மலிவா இருக்கும்போதே போட்டுடு."