சங்கிலி அண்ணனின் ஸ்வெட்டர்

தோஹாவில் காய்கறிக் குளிர்கிடங்கில் சேர்ந்த முதல் நாளே எனக்குப் பல் கிட்டிப்போனது. நான் பழனி வெயிலில் வளர்ந்தவன். ஒரு வாரம் தாங்காவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மறுநாள் என் ஆணியில் ஒரு ஸ்வெட்டர் தொங்கியது. மாட்டியது யாரென்று ஒருவரும் சொல்லவில்லை. சங்கிலி அண்ணன் மட்டும் வெறும் சட்டையோடு பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார்.

அவர் கொடைக்கானல்காரர். எங்கே கிளம்பினாலும் ஸ்வெட்டரை எடுக்கிற மலைப்பழக்கத்தில் பாலைவனத்துக்கும் கொண்டுவந்திருந்தார்.

"ஒட்டகத்துக்குப் போத்தவாண்ணே?" என்று கேலி செய்வோம்.

"ஒதவுச்சுல்லப்பா" என்பார்.

முருகன் அருளால் ஒன்பது வருடம் ஓடியது. போன தை மாதம் அவர் ஊர் திரும்பினார். விமான நிலையத்தில் ஸ்வெட்டரை நீட்டினேன், வாங்கவில்லை.

"நீயே வச்சுக்க. லீவுல வந்தா மேல எங்க வீட்டுக்கும் வா. மறக்காம இத மாட்டிட்டு வா. இல்லன்னா அங்கயும் நான்தான் கழட்டிக் குடுக்கணும்" என்றார்.