இந்தி எழுத்தில் ஒரு சங்கீதம்

கூலரின் ஈரப் புல்தட்டி வாசனை எங்கே வந்தாலும் அப்பா படுத்திருந்த அந்தக் கோடைதான் எனக்கு நினைவுக்கு வரும். தெற்கு தில்லியில் சாக்கடையை ஒட்டியிருந்த 'ஜுக்கி' எனப்படும் தமிழர் குடிசைகளில் எங்களுடையதும் ஒன்று. கட்டட வேலை செய்துகொண்டிருந்த அப்பா தில்லியின் துவாரகா பகுதியில் சாரத்திலிருந்து விழுந்து, கழுத்தில் அடிபட்டு, கையும் காலும் விளங்காமல் போய், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது எனக்குப் பத்து வயது. அம்மா 'கோட்டி' என்று சொல்லப்படும் பெரிய வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கப் போவாள். பள்ளி விடுமுறையாதலால் பகலெல்லாம் அப்பாவுக்குத் துணை நான்தான்.

ஞாயிறு தவறாமல் ஜெபத்துக்குப் போன மனிதர், விழுந்த பிறகு ஜெபத்தையே வெறுத்தார். சபையார் வந்து முழங்காலிட்டால் எல்லோரும் கண்ணை மூடியிருக்க, அவர் மட்டும் தகரக் கூரையையே பார்த்துக்கொண்டிருப்பார். "நான் விழுந்தப்ப அவரு எங்க போயிருந்தாராம்?" என்று ஒருமுறை கேட்டார். "எனக்குத் தெரியலைங்க" என்று மட்டும் அம்மா சொன்னாள்.

ஒரு மதியம், 'லூ' என்ற அனல்காற்று வீசிக்கொண்டிருந்த நேரத்தில், கரண்ட் போய் கூலர் நின்றது. அப்பா படுக்கையை நனைத்திருந்தார். அவரைப் புரட்டித் துணி மாற்றத் தோளைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன், அசைக்க முடியவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். "விடு பாப்பா, அம்மா வரட்டும்" என்றவர் அழுதார். அவர் கண்ணை நான்தான் துடைத்தேன். சற்று நேரம் கழித்து, "வேதத்த எடுத்துப் படிம்மா, 'கர்த்தர் என் மேய்ப்பர்'னு வருமே, அந்தச் சங்கீதம்" என்றார்.

தமிழ் வேதத்தை எடுத்தேன். எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கே போகாமல், கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள். வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்தி, அதுவும் இந்தி மட்டும். புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினேன்.

"சரி, நான் சொல்றேன், எழுதிக்க" என்றார். மருந்து மயக்கத்தில் பாதிதான் அவருக்கு நினைவு வந்தது. மீதியை மாலையில் அம்மா சொல்ல, தமிழை இந்தி எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டேன். இந்தியில் 'ழ' இல்லாததால் 'ல' போட்டிருந்தேன். அதைப் படித்துக் காட்டியபோது, பாத்திரம் நிரம்பி 'வழிகிறது' என்ற வரி என் வாயில் 'வலிகிறது' என்று மாறிப்போனது. "ஆமா பாப்பா, வலிக்கத்தான் செய்யுது" என்று அப்பா சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

அதன்பின் தினமும் மதியம் படித்தேன். அப்பா கண்ணை மூடிக் கேட்டார். ஆனால் ஒரு விரல்கூட அசையவில்லை. மழை தொடங்கிய வாரம், ஒரு காலையில், அம்மா கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். இத்தனை நாள் படித்து என்ன ஆயிற்று என்று நான் கத்தினேன். "எழுந்திரிக்கலதான்" என்றாள் அம்மா. "ஆனா நீ படிக்கிற அந்த நேரம் மட்டும் உங்கப்பா பயப்படாம இருந்தாரு, எங்கிட்ட சொன்னாரு. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், என்னால அத குடுக்க முடியல."

ஜுக்கிகளைப் பின்னாளில் இடித்துவிட்டார்கள். ஞாயிறு ஜெபம் நடந்த அறையும் போயிற்று, உடனிருந்தவர்கள் ஊருக்கு வெளியே சிதறிப் போனார்கள். சென்ற மாதம் அம்மா கேட்டதற்காக அங்கே அழைத்துப் போனேன். சுற்றுச்சுவரும் புல்வெளியுமாக ஒரு பூங்கா இருந்தது. யாரைத் தேடுகிறீர்கள் என்று காவலாளி இந்தியில் கேட்டார். யாரையுமில்லை, அண்ணா என்று இந்தியிலேயே சொல்லிவிட்டு அம்மா புல்லில் உட்கார்ந்து ஜெபிக்கத் தொடங்கினாள். எங்கள் வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.