லே-அவுட் ஏகாம்பரமும் என் அப்பா பேரும்

லே-அவுட் ஏகாம்பரம் இன்று விடியற்காலை போய்விட்டார். என் வீட்டுக்காரரின் அண்ணன். நான் மாமா என்று கூப்பிடுவேன்.

காலையிலிருந்து ஃபேஸ்புக் முழுக்க அவர் படம்தான். பக்கங்களை வடிவமைத்தே வார இதழ்களின் முகத்தை மாற்றியவர், தமிழ் எழுத்துக்கு உடம்பு கொடுத்தவர் என்று பெரிய பெரிய ஆட்கள் எழுதுகிறார்கள்.

இருக்கலாம்... பள்ளிக்கூடம் போகாத நான் எழுத்துக் கூட்டிப் பழகியதே அவர் வரைந்த தலைப்புகளில்தான். ஒவ்வொரு சுழியும் தனியாகத் தெரியும். அதை மறைத்தால் முருகன் மன்னிக்க மாட்டான்.

ஆனால் எனக்கு அவர்மேல் கோபம். இன்றைக்கும்.

1991. வல்லக்கோட்டை கோயிலில் எங்கள் கல்யாணம். பத்திரிகை அடித்துத் தருவதுதான் என் மொய் என்று மாமா பொறுப்பை வாங்கிக்கொண்டார். "தெய்வத்திரு துலுக்காணம் மகள்" என்று அம்மா சொல்லச் சொல்ல நானே எழுதிக் கொடுத்தேன். அப்பா அதற்கு முந்தின வருஷம்தான் தவறியிருந்தார்.

வந்த பத்திரிகையில் முக்கால்வாசி வெள்ளை. மேலே "முருகன் துணை" என்ற வரி இல்லை. நடுவில் எங்கள் இரண்டு பேர் பெயர், கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி நாளும் நேரமும்.

எழுத்து தெரியாத அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்கப்பா பேரு எங்க கீது? கைய வெச்சிக் காட்டு."

கை வைக்க வெள்ளைதான் இருந்தது.

திரும்ப அடிக்க நாள் இல்லை. சித்தப்பா பத்திரிகையைத் தொடவே இல்லை. "எங்க அண்ணன் பேரு இல்லாத கல்யாணத்துல நான் யாருன்னு வந்து நிப்பேன்?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுந்து போனார். தாலி கட்டும்போது அப்பா வழியில் ஒருத்தர்கூட இல்லை.

மறுவீட்டு விருந்தில் மாமாவிடமே கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அந்த வரி வந்தா பேஜ் ஒரு பக்கமா சாயுதும்மா. படிக்கிறவன் கண்ணு அங்கயே போய் நின்னுடும்."

நிற்கட்டுமே... நிற்கத்தானே எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் பத்திரிகையைத்தான் பிற்பாடு ஒரு மாத இதழ் பாராட்டிப் போட்டது. தண்டலம் பக்கம் ஏதோ காலேஜில் மாமா அதை ஸ்லைடு போட்டுப் பாடமே எடுத்தாராம்.

வரவு செலவில் எதையும் விட்டுவிடுகிறவள் இல்லை நான். இதையும் விடவில்லை. பொங்கலுக்கு வந்தால் இலை போட்டுப் பரிமாறுவேன். பேச்சு அவ்வளவுதான்.

இன்று காலை ஒரகடத்தில் ஷிஃப்ட் முடிந்ததும் என் பையன் நேராக ஸ்ரீபெரும்புதூர் பேனர் கடைக்குப் போனான். கண்ணீர் அஞ்சலி டிசைன் வாட்ஸ்அப்பில் வந்தது. ஊதாவும் மஞ்சளும், இரண்டு குத்துவிளக்கு, புறா, ரோஜா... சொந்தக்காரர்கள் பேரெல்லாம் விரல் நுழைய இடமில்லாமல். மாமா பார்த்திருந்தால் இன்னொரு தடவை செத்திருப்பார்.

கடைசி வரியில் என் பேர். அதைத் "தெய்வத்திரு துலுக்காணம் மகள் கன்னியம்மா" என்று மாற்றச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் பையனிடமிருந்து போன். "ம்மா, இடமே இல்லன்றாரு. தாத்தா பேர மட்டும் எடுத்துடட்டா?"

"பெரியப்பா போட்டோவக் கொஞ்சம் சின்னதாக்கச் சொல்லு."

பேனரைப் பென்னலூர் தெருமுனையில் கட்டியாகிவிட்டது. சாயங்காலம் அந்த வழியாகத்தான் எடுக்கிறார்கள்.

போய் வாருங்கள் மாமா. முனையில் கொஞ்சம் நின்று, படித்துவிட்டுப் போங்கள்.